புக்மார்க்குகள் குறிப்பேட்டுக்குத் தானாக வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

‘நூலகம்’ என்ற இணைய ஆவணத் தளத்தில் ஒரு பழைய மலையகச் சஞ்சிகை, தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஓர் ஆலோசனைச் சுற்றறிக்கை, தோட்டச் சம்பளம் பற்றிய வர்த்தமானி, பரீட்சைத் திணைக்களத்தின் கடந்தகால வினாத்தாள். இவற்றைத் தேடிப் பிடிக்கும் மாணவரும் ஆசிரியரும் தொழிற்சங்கப் பணியாளரும் உலாவியின் நட்சத்திரக் குறியை ஒருமுறை அழுத்திவிட்டு, வேலை முடிந்தது என்று நகர்ந்துவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்துத் தேடினால் நானூறு இணைப்புகளுக்குள் அது எங்கே என்று தெரிவதில்லை. தெரிந்தாலும் பக்கம் திறப்பதில்லை. இந்தக் குவியலை அவரவர் சொந்தக் குறிப்பேட்டுக்குள் தானாகவே வந்து விழச் செய்யலாம். அதற்குத் தேவையான மென்பொருள் எல்லாம் இலவசம். ஆனால் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றும் தமிழர் சறுக்கும் இடங்கள் சில உண்டு. அவற்றையும் சேர்த்துச் சொல்வதற்கே இந்தக் கடிதம்.

புக்மார்க் என்பது வெறும் முகவரி. வீட்டில் ஆள் இருக்கிறாரா என்று அது சொல்லாது. 2013இல் இணையத்தில் இருந்த பக்கங்களில் 38 வீதமானவை 2023இல் திறக்கவில்லை என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் கணக்கு வெளியிட்டது. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மண் சரிந்த நாளில் யாராவது சேமித்த இணைப்புகளும் அந்தக் கால ஓட்டத்துக்குள்தான் இருக்கின்றன. இன்னொரு வகைப் பக்கம் உண்டு: முகவரி அப்படியே இருக்கும், உள்ளே இருப்பது மாறிக்கொண்டே போகும். வானிலை அறிக்கையும் மண்சரிவு எச்சரிக்கையும் இப்படிப்பட்டவை. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று படிப்படியாக உயரும் எச்சரிக்கையில், குறிப்பிட்ட நாளில் உங்கள் பிரதேச செயலகப் பிரிவு எந்த நிறத்தில் இருந்தது என்பதை முகவரி மட்டும் நினைவில் வைத்திருக்காது.

சேமித்துத் தரும் நிறுவனத்தை நம்பியும் பயனில்லை. பொக்கெட் சேவையை அதன் உரிமையாளரான மொசில்லா 2025 ஜூலை 8இல் மூடியது. ஒம்னிவோர் 2024 நவம்பரில் நின்றுபோனது. ஆகவே குறிப்புகள் உங்கள் கணினியில், சாதாரண எழுத்துக் கோப்புகளாக இருக்கட்டும். தலைப்பு, பட்டியல் போன்றவற்றைச் சாதாரணக் குறிகளாலேயே காட்டும் மார்க்டவுன் வடிவம் போதும். குறிப்பெடுக்கும் மென்பொருள்களான ஒப்சிடியன், லொக்சீக் இரண்டும் ஒரு கோப்புறையில் கிடக்கும் மார்க்டவுன் கோப்புகளை நேரடியாக வாசிக்கும். ஜொப்ளின் தன் சொந்தத் தரவுத்தளத்தில் வைத்திருந்தாலும் மார்க்டவுனை உள்வாங்கும். நாளைக்கு மூன்றுமே இல்லாமல் போனாலும் நோட்பேடில் திறந்து வாசிக்கலாம்.

முதல் வேலை, உலாவியில் ‘குறிப்புக்கு’ என்று ஒரு புக்மார்க் கோப்புறை திறப்பது. அதற்குள் போடுபவை மட்டும் குறிப்பேட்டுக்கு வரவேண்டும். எல்லாவற்றையும் இழுத்துவர நினைப்பவர்களின் குறிப்பேடு ஒரே வாரத்தில் மின்சாரக் கட்டணப் பக்கமும் புடவைக் கடை விளம்பரமுமாக நிரம்பிவிடும். பிறகு அதை யாரும் திறப்பதில்லை.

அடுத்தது உலாவியிலிருந்து எடுப்பது. எடுத்ததைக் குறிப்புகளாக மாற்றப் பைதன் மொழியில் ஒரு சிறு நிரல் எழுதிக்கொள்ள வேண்டும்; கீழே ‘நிரல்’ என்பது அதைத்தான். கையால் எடுப்பதானால் குரோமில் கொன்ட்ரோல், ஷிஃப்ட், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தி, மூன்று புள்ளிப் பட்டியலில் ஏற்றுமதியைத் தெரிவுசெய்தால் ஒரு எச்டிஎம்எல் கோப்பு கிடைக்கும். இது நெட்ஸ்கேப் காலத்து வடிவம். இன்றும் எல்லா உலாவிகளும் இதைத்தான் பேசுகின்றன. திறந்த குறிகள் பல இதில் மூடப்படுவதே இல்லை. அதனால் எல்லாக் குறிகளும் மூடியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் எக்ஸ்எம்எல் வாசிப்பான் முதல் வரிகளிலேயே பிழை காட்டி நின்றுவிடும். எச்டிஎம்எல் வாசிப்பானைப் பயன்படுத்த வேண்டும். பைதனோடு வருவதே போதும்.

தானாக நடக்கவேண்டுமானால் பயர்பொக்ஸில் உள் அமைப்புகளைக் காட்டும் ‘அபவுட் கொன்ஃபிக்’ பக்கத்துக்குப் போய் ‘ஓட்டோ எக்ஸ்போர்ட் எச்டிஎம்எல்’ என்று முடியும் புக்மார்க் அமைப்பை இயக்கிவிடுங்கள். உலாவியை மூடும்போதெல்லாம் அதே கோப்பு, உலாவி உங்கள் தரவுகளை வைத்திருக்கும் சுயவிவரக் கோப்புறையில் புதிதாக எழுதப்படும். முறையாக மூடினால்தான் எழுதும் என்பதை மறக்கக் கூடாது. மின்வெட்டில் கணினி அணைந்துபோனால் அன்றைய சேமிப்பு அடுத்த முறை மூடும்போதுதான் வரும். பயர்பொக்ஸ் புக்மார்க்குகளை வைத்திருக்கும் ‘பிளேசஸ்’ தரவுத்தளத்தை நேரடியாக வாசிக்க விரும்புவோர் அதை முதலில் வேறிடத்துக்குப் பிரதி எடுத்துவிட்டு வாசிக்கவேண்டும். உலாவி ஓடும் நேரம் அது பூட்டியிருக்கும்.

குரோம் தன் சுயவிவரக் கோப்புறைக்குள் ‘புக்மார்க்ஸ்’ என்ற பெயரில், பெயரின் பின்னால் நீட்சி எதுவுமில்லாத, ஜேசன் எனப்படும் வடிவிலான ஒரு தரவுக் கோப்பை வைத்திருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை வாசிக்கலாம், எழுதவே கூடாது. அதற்குள் மூன்று கிளைகள்: மேற்பட்டை, ஏனையவை, ஒத்திசைந்தவை. கைப்பேசியில் சேமித்தவை மூன்றாவது கிளையில் இருக்கும். ‘போனில் போட்டது மட்டும் வரவே இல்லை’ என்ற முறைப்பாட்டுக்குப் பெரும்பாலும் காரணம், எழுதிய நிரல் மேற்பட்டையை மட்டும் பார்ப்பதுதான். ஒரே கணினியை அண்ணன், தங்கை எல்லோரும் தனித்தனிச் சுயவிவரத்தில் பாவித்தால் ‘டிஃபோல்ட்’ கோப்புறையோடு ‘புரொஃபைல் 1’ போன்ற கோப்புறைகளையும் பார்க்கவேண்டும்.

திகதியில்தான் பலர் வழுக்குகிறார்கள். ஏற்றுமதிக் கோப்பில் இருப்பது 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய வினாடிகள், 10 இலக்கம். பயர்பொக்ஸ் தரவுத்தளத்தில் அதே தொடக்கத்திலிருந்து மைக்ரோ வினாடிகள், 16 இலக்கம். குரோமின் ஜேசனில் 1601 ஜனவரி 1 முதல் எண்ணிய மைக்ரோ வினாடிகள், 17 இலக்கம். அதைப் பத்து இலட்சத்தால் வகுத்து 11644473600ஐக் கழித்தால்தான் சரியான வினாடி வரும். கழிக்காமல் விட்டால் 369 ஆண்டுகள் கூடி, 2025இல் சேமித்த பக்கம் 2394ஆம் ஆண்டுக் குறிப்பாக உட்கார்ந்திருக்கும். இலக்கங்களின் எண்ணிக்கையைப் பார்த்தே எந்தக் கணக்கு என்று நிரல் முடிவுசெய்யலாம். இந்த நேரங்கள் யாவும் உலகப் பொது நேரத்தில் இருப்பவை. நம்முடையது 5 மணி 30 நிமிடம் முன்னே. அதைக் கூட்டாவிட்டால் நள்ளிரவுக்கும் விடியற்காலை 5.30க்கும் இடையில் சேமித்தவை எல்லாம் முந்தைய நாள் திகதியில் விழும். பரீட்சைக் காலத்தில் படிக்கும் பிள்ளைகள் விழித்திருக்கும் நேரமே அதுதான்.

இனி நிரல் எழுதும் குறிப்பு எப்படியிருக்க வேண்டும்? மேலே மூன்று சிறு கோடுகளுக்கிடையில் தலைப்பு, முகவரி, சேமித்த திகதி, கோப்புறை, நிலை என்று ஐந்து வரிகள். தலைப்பை எப்போதும் மேற்கோள் குறிக்குள் வைக்கவும். ‘மண்சரிவு அபாயம்: பதுளைக்கு எச்சரிக்கை’ என்ற தலைப்பில் வரும் முக்காற்புள்ளி, மேற்கோள் இல்லாவிட்டால் அந்தத் தலைப்பகுதி முழுவதையுமே வாசிக்க முடியாததாக்கிவிடும். ஐந்து வரிக்குக் கீழே ‘ஏன்:’ என்று எழுதி வெறுமையாக விடவும். அந்த வரியை மனிதர்தான் நிரப்பவேண்டும். ‘தரம் 11 வரலாறு, 1964 ஒப்பந்தப் பாடத்துக்கு, இரண்டாம் பக்க அட்டவணை மட்டும்’ என்று ஒரே வரி போதும். இந்த வரி இருக்கும் குறிப்பை மூன்று வருடம் கழித்தும் பயன்படுத்தலாம். அது இல்லாத குறிப்பு, இடம் மாறிய புக்மார்க் மட்டுமே. வாரம் ஒருமுறை ‘நிலை: புதிது’ என்றிருப்பவற்றைத் திறந்து இருபது நிமிடத்தில் நிரப்பிவிடலாம். எழுதத் தோன்றாத குறிப்பை அப்போதே அழித்துவிடுவது நல்லது.

மனிதர் எழுதிய வரி இருப்பதால்தான், ஏற்கெனவே உள்ள குறிப்பை நிரல் ஒருபோதும் திருத்தக் கூடாது என்கிறோம். புதிதை உருவாக்கட்டும், பழையதைத் தொடவேண்டாம். உலாவியில் புக்மார்க்கை நீக்கினாலும் குறிப்பு இருக்கட்டும். இரு பக்கமும் ஒத்திசைக்க முயல்பவர்கள் என்றைக்காவது ஒருநாள் ஒரு பக்கத்தில் தவறுதலாக அழித்து, மறுபக்கத்திலும் இழந்துவிடுகிறார்கள்.

ஒரே பக்கம் இரண்டு முறை வராமல் தடுக்க, முகவரிகளைச் சீராக்கி ஒப்பிடவேண்டும். பேஸ்புக்கில் இருந்து வரும் இணைப்பின் வாலில் ‘எஃப்பிகிளிட்’ என்ற நீளமான குறியீடு ஒட்டியிருக்கும்; விளம்பரங்களில் ‘யூடிஎம்’ என்று தொடங்குபவை இருக்கும். இவற்றை வெட்டலாம். அதற்காகக் கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதையெல்லாம் வெட்டினால் வேறு ஆபத்து: பல தளங்களில் பக்கத்தின் இலக்கமே அங்கேதான் இருக்கிறது, யூடியூப் காணொளியின் அடையாளமும் அப்படியே. முகவரி முழுவதையும் சிறிய எழுத்தாக்குவதும் கூடாது. யூடியூப்பின் 11 எழுத்து அடையாளத்தில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. தளத்தின் பெயரை மட்டும் சிறியதாக்குங்கள். எச்சரிக்கை, வானிலை போன்ற மாறும் பக்கங்களின் முகவரிகளைத் தனிப் பட்டியலில் வைத்து, அவை மட்டும் திகதியோடு எத்தனை முறையும் வர இடம்கொடுங்கள்.

தமிழ் முகவரிகளுக்கு இன்னொரு சிக்கல். ‘ஹட்டன்’ என்பது கண்ணுக்கு 4 எழுத்து, யூனிகோட்டில் 6 குறி. தமிழ் விக்கிப்பீடியா முகவரியைப் பிரதி எடுத்தால் ஒவ்வொரு குறியும் % அடையாளத்தோடு 9 எழுத்தாக விரிந்து 54 எழுத்தாகிவிடும். ஒருமுறை விரிந்தும் ஒருமுறை தமிழாகவும் வந்தால் நிரலுக்கு அவை இரண்டு பக்கங்கள். ஒப்பிடும் முன் எல்லாவற்றையும் விரித்த வடிவத்திலிருந்து தமிழுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

‘தோட்டம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மலையகத்தவரின் குறிப்பேட்டில் இதைவிட அதிகம் தேடப்படும் சொல் இருக்குமா? இதிலுள்ள ‘தோ’வின் ஓகாரக் குறியை யூனிகோட்டில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு ஒன்றும் கால் ஒன்றும் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடும் மென்பொருள் இவற்றை ஒன்றாக்காமல் தேடினால், ஒரு வடிவத்தில் தட்டச்சு செய்தவருக்கு மற்ற வடிவத்தில் சேமிக்கப்பட்ட குறிப்புகள் தட்டுப்படாது. குறிப்பு இல்லை என்றே அவர் நம்பிவிடுவார். உள்ளே வரும் எழுத்தையெல்லாம் என்எஃப்சி எனப்படும் ஒரே வடிவத்துக்கு மாற்ற பைதனில் ஒரு வரி போதும். ஆனால் ‘பௌத்தம்’ என்பதைக் கொம்பும் ‘ள’ எழுத்துமாகத் தட்டச்சு செய்திருந்தால் அந்த வரி காப்பாற்றாது. அது உண்மையிலேயே வேறு எழுத்து. கையால் திருத்த வேண்டும்.

ஊர்ப் பெயர்களும் இப்படித்தான். ஹட்டன், ஹற்றன், அட்டன் மூன்றும் நம் பத்திரிகைகளில் புழங்குகின்றன. நுவரெலியாவும் நுவரேலியாவும் அப்படியே. தலைப்பில் இவற்றில் எது வந்தாலும் ஒரே குறிச்சொல்லைச் சேர்க்கும்படி நிரலுக்கு ஒரு சிறு அட்டவணை கொடுத்துவிட்டால் தேடல் சிதறாது. முப்பது ஊர்ப் பெயருக்கு அட்டவணை எழுத அரை மணி நேரம் போதும். செய்ய வேண்டியவற்றில் இதற்குத்தான் பலன் அதிகம் என்பது எங்கள் கருத்து.

கோப்புக்குத் தலைப்பையே பெயராக வைக்காதீர்கள். அன்ட்ரொய்ட், லினக்ஸ் இரண்டிலும் கோப்புப் பெயருக்கு வரம்பு 255 பைட். ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் ஆகிறது. ஆகவே 85 குறிதான் கொள்ளும். சொல்லுக்கு ஒன்பது குறி என்று வைத்தாலும் பத்துச் சொல்லுள்ள செய்தித் தலைப்பு 270 பைட்டைத் தாண்டிவிடும். விண்டோஸ் வேறு விதமாக எண்ணுவதால் அங்கே பிரச்சினை தெரியாது; போனுக்குப் பிரதி எடுக்கும்போதுதான் சில கோப்புகள் மட்டும் போகாமல் நிற்கும். திகதியும், முகவரியிலிருந்து கணக்கிட்ட எட்டு எழுத்துக் குறியீடும் கோப்பின் பெயராக இருக்கட்டும். தலைப்பு உள்ளே இருந்தால் போதும். கோப்பைத் திறக்கும்போதும் எழுதும்போதும் யூடிஎஃப்-8 குறிமுறை என்று நிரலில் வெளிப்படையாகக் குறிப்பிடவும். விண்டோஸில் அதைச் சொல்லாமல் விட்டால் பைதன் பழைய மேலைத்தேயக் குறிமுறையை எடுத்துக்கொண்டு முதல் தமிழ் எழுத்திலேயே நின்றுவிடக்கூடும்.

பக்கத்தின் உள்ளடக்கத்தையும் காப்பது அடுத்த படி. சிங்கிள்ஃபைல் என்ற உலாவி நீட்சியில், புதிதாக புக்மார்க் செய்யும் பக்கத்தை உடனே ஒரே கோப்பாகச் சேமிக்கும் தெரிவு இருக்கிறது. நிரல் பிறகு தானாகப் போய்ப் பக்கத்தை இறக்குவதைவிட இது மேல். உள்நுழைய வேண்டிய தளத்தில் நிரலுக்குக் கிடைப்பது கடவுச்சொல் கேட்கும் பக்கமே. சில தளங்கள் ‘சற்றுப் பொறுங்கள்’ என்ற காவல் பக்கத்தைத் தந்துவிடும், குறிப்பின் தலைப்பும் அதுவாகவே ஆகிவிடும். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் பக்கத்தைச் சேமித்தால் இந்தத் தொல்லை இல்லை. படங்களோடு சேமித்தால் ஒரு பக்கம் சில மெகாபைட் ஆகும். எழுத்தை மட்டும் எடுத்தால் 2000 சொல் கொண்ட தமிழ்க் கட்டுரை ஏறத்தாழ 56 கிலோபைட். ஆயிரம் கட்டுரை 60 மெகாபைட்டுக்குள் அடங்கும். முக்கியமானவற்றை, இணையப் பக்கங்களின் பிரதிகளைக் காத்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்திலும் பதிந்துவையுங்கள்; கணினி பழுதானாலும் அங்கே இருக்கும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தயாரான பிடிஎஃப் கோப்புகளிலிருந்து எழுத்தைப் பிரதி எடுத்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையே வரும். அவற்றை பாமினியிலிருந்து யூனிகோட்டுக்கு மாற்றும் கருவியில் போட்டு எடுத்த பிறகே குறிப்பில் சேர்க்கவேண்டும். மாற்றாமல் சேர்த்தால் அந்தக் குறிப்பு எந்தத் தேடலிலும் வராது.

நாள்தோறும் தானாக ஓடவைக்க விண்டோஸின் டாஸ்க் ஷெடியூலர் போதும். இரண்டு இடங்களைக் கவனிக்கவும். ‘மின்சாரத்தில் இணைந்திருக்கும்போது மட்டும் தொடங்கு’ என்ற பெட்டி ஏற்கெனவே தெரிவாகியிருக்கும். மடிக்கணினியில் அதை நீக்கவும். ‘தவறிய வேலையை முடிந்தவரை விரைவில் ஓட்டு’ என்பது தெரிவாகியிருக்காது, அதை இடவும். கணினி அணைந்திருந்த நேரத்து வேலை அப்போதுதான் பிறகாவது நடக்கும். எழுதும் நடுவில் மின்சாரம் போனால் அரைகுறைக் கோப்பு மிஞ்சும். அதனால் தற்காலிகப் பெயரில் முழுவதும் எழுதி முடித்த பின்னரே உண்மைப் பெயருக்கு மாற்றவும். ‘இது வந்துவிட்டது’ என்ற பட்டியலில் முகவரியைச் சேர்ப்பது அதற்கும் பிறகு. வரிசை மாறினால், வராத குறிப்பு வந்ததாகப் பதிவாகி நிரந்தரமாகத் தவறிப்போகும்.

செத்த இணைப்புகளைச் சோதிப்பதானால் மாதம் ஒருமுறை போதும். நமது மலைகளில் சிக்னல் இல்லாமல் பதில் வராததற்கும் பக்கம் உண்மையிலேயே இல்லாததற்கும் வேறுபாடு காணவேண்டும். 404, 410 என்று பதில் வந்தால் பக்கம் போய்விட்டது எனலாம். பதிலே வராவிட்டால் வெவ்வேறு மூன்று நாளில் பார்த்த பிறகே குறிக்கவும். அப்போதும் ‘நிலை’ வரியை மட்டும் மாற்றவும், குறிப்பை அழிக்கவேண்டாம். நிரல் பழைய குறிப்பைத் தொடலாம் என்று நாங்கள் ஒப்புக்கொள்ளும் ஒரே இடம் இதுதான்.

கணினி இல்லாதவருக்கும் வழி உண்டு. அன்ட்ரொய்ட் குரோமில் புக்மார்க் ஏற்றுமதி இல்லை. ஆனால் பகிர்வுப் பட்டியலிலிருந்து ஜொப்ளினையோ ஒப்சிடியனையோ தெரிவுசெய்தால் இணைப்பு நேரே குறிப்பாகும். தட்டும் அந்த நொடியிலேயே ‘ஏன்’ வரியையும் எழுதிவிடலாம் என்பது இதில் கூடுதல் வசதி.

ஒரு எச்சரிக்கை. கொமியூனிகேஷன் கடைக் கணினியிலோ பாடசாலை ஆய்வுகூடத்திலோ உங்கள் கூகுள் கணக்கில் நுழைந்து ஒத்திசைவை இயக்காதீர்கள். உங்கள் புக்மார்க் முழுவதும் அந்தக் கணினிக்கு இறங்கிவிடும். ஏற்றுமதிக் கோப்பையும் அங்கே விட்டுவரக் கூடாது. கடவுச்சொல் மீட்கும் இணைப்பும் தனிப்பட்ட ஆவண இணைப்பும் அதற்குள் இருக்கலாம்.

பழைய குவியலை என்ன செய்வது? மூவாயிரத்தையும் மூவாயிரம் குறிப்புகளாக்க வேண்டாம். ஒரே கோப்பில் பட்டியலாகப் போட்டு வைத்தால் தேடும்போது அகப்படும். தேவைப்படும் ஒன்றை அப்போது தனிக் குறிப்பாக்கிக்கொள்ளலாம்.

இவ்வளவும் வாசகர் செய்யக்கூடியவை. பத்திரிகை செய்யக்கூடியவையும் உண்டு. உங்களிடம் கேட்க விரும்புவது அதையே. கட்டுரைகளை யூனிகோட் எழுத்தாகவே இணையத்தில் இடுங்கள். படமாக மட்டும் இட்டால் அதிலிருந்து ஒரு சொல்லைக்கூடத் தேடி எடுக்க முடியாது. வெளியான திகதியைப் பக்கத்தின் மேலேயும், உள்ளே இயந்திரம் வாசிக்கும் இடத்திலும் எழுதுங்கள். ‘இன்று’, ‘நேற்று’ என்று மட்டும் இருந்தால் குறிப்பேட்டுக்கு அது எந்த நாள் என்று தெரியாது. ‘மலையகச் செய்திகள்’ என்ற ஒரே தலைப்பில் நாள்தோறும் வரும் பக்கங்களுக்குத் தனித் தலைப்பு கொடுங்கள். தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய முகவரியில் வருபவரைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடும் 301 வழிமாற்றை ஒவ்வொரு பழைய கட்டுரைக்கும் வையுங்கள். எல்லோரையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்புவது இதற்கு ஈடாகாது. பழைய முகவரிகளின் பட்டியல் உங்கள் தொழில்நுட்பப் பிரிவிடம் தளவரைபடக் கோப்பாக ஏற்கெனவே இருக்கக்கூடும். புதிய தளம் திறப்பதற்கு முன் அதைப் பிரதி எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மலையகப் பாடசாலைகளின் தகவல் தொழில்நுட்ப ஆசிரியர்கள் சிலர்,
ஹட்டன்.